உறைவிந்து குச்சி எங்கே கெடுகிறது?

தாராபுரம் பக்கத்திலிருந்து மாடு வளர்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். ஆறு கலப்பின ஜெர்சி மாடுகள் வைத்திருக்கிறார். அதில் ஒன்றுக்கு மூன்று தடவை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. ஊசி போட வருகிறவர் குச்சியை, அதாவது உறைந்த விந்து அடைத்த மெல்லிய குழாயை, எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பேசிக்கொண்டே நிற்கிறார், அப்புறம்தான் போடுகிறார். விந்து அதில் கெட்டுவிடுமா என்பது முதல் கேள்வி. உறைவிந்தை எப்படித் தயாரிக்கிறார்கள், எத்தனை வருஷம் தாங்கும் என்பது இரண்டாவது. நைட்ரஜன் கன்டெய்னர் ஒன்று வாங்கி வீட்டிலேயே குச்சி வைத்துக்கொள்ளலாமா என்பது மூன்றாவது. வீட்டில் நல்ல காங்கேயம் காளை ஒன்று நிற்கிறது, அதன் விந்தையும் எடுத்து உறைய வைக்க முடியுமா என்பது கடைசி.

நான் சில வருஷம் உறைவிந்து ஆய்வகத்திலும், மிச்ச வருஷமெல்லாம் கிராமத்து கால்நடை மருந்தகங்களிலும் வேலை பார்த்தவன். என் அனுபவத்தில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் நான்கு கேள்விக்கும் பதில் வந்துவிடும். திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் கிடக்கும் விந்தணுவுக்கு எந்தக் கெடுதலும் வராது. ஆபத்தெல்லாம் வழியில் இருக்கிறது. உடம்புச் சூட்டிலிருந்து அந்தக் குளிருக்கு இறங்கும்போது ஒரு தடவை, அங்கிருந்து மாட்டின் உடம்புச் சூட்டுக்குத் திரும்பும்போது இன்னொரு தடவை. இறங்கும் வழியை ஆய்வகம் டிகிரிக்கு டிகிரி கணக்கு வைத்துப் பார்த்துக்கொள்கிறது. திரும்பும் வழி பைக்கின் பின்சீட்டிலும் உங்கள் தொழுவத்து வேப்பமரத்தடியிலும் நடக்கிறது. நான் பார்த்தவரை குச்சி கெட்டதில் பெரும்பாலானவை இந்தத் திரும்பும் வழியில் கெட்டவை.

முதலில் இறங்கும் வழி. மார்கழி காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைப் பார்த்திருப்பீர்கள், பாதி உறைந்து திட்டுத்திட்டாக நிற்கும். விந்தணுவைச் சுற்றியுள்ள சவ்வும் கொழுப்புதான். 15 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது அதுவும் இப்படித்தான் ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் இளகி நிற்கும். சட்டென்று குளிர வைத்தால் சவ்வில் விரிசல் விழும், வெளியே இருக்கிற கால்சியம் உள்ளே பாயும், வால் சுருண்டு அணு செத்துவிடும். தண்ணீர் உறைவதற்கு முன்பே, வெறும் 10 டிகிரியில் நடக்கிற சாவு இது. இதற்கு மருந்து முட்டையின் மஞ்சள் கரு. அதில் இருக்கும் லெசித்தின் முதலிய கொழுப்புகள் சவ்வின் மேல் ஒட்டிக் காப்பாற்றுகின்றன. 1940 வாக்கில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் பிலிப்ஸ், லார்டி என்ற இருவர் கண்டது. இன்றும் பல ஆய்வகங்களில் காலையில் முதல் வேலை முட்டையை உடைத்து, வெள்ளைக்கரு ஒட்டாமல் மஞ்சள் கருவை வடிகட்டுத் தாளில் உருட்டி எடுப்பதுதான். இப்போது சோயா லெசித்தின் கலவைகளும் வந்துவிட்டன, முட்டை வழியாகக் கிருமி வருமோ என்ற பயம் அதில் இல்லை.

உறையும் கட்டத்தில் சிக்கல் வேறு மாதிரி. தண்ணீர் பனியாக மாறுவது முதலில் அணுவுக்கு வெளியேதான். பனி வெறும் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளும், உப்பை விட்டுவிடும். ஆக மிச்சமிருக்கும் நீர் உப்புக் கரித்துக்கொண்டே போகும். அந்த உப்பு அணுவுக்குள் இருக்கிற தண்ணீரை வெளியே இழுக்கும். மெதுவாக உறைய வைத்தால் மாவடு உப்பில் ஊறிச் சுருங்குவதுபோல அணு சுருங்கிப்போகும். அதற்குப் பயந்து வேகமாக உறைய வைத்தால் உள்ளே இருக்கிற தண்ணீர் வெளியேற நேரமில்லாமல் அங்கேயே பனிக்கட்டியாகி அணுவைக் கிழிக்கும். மெதுவாகப் போனாலும் சாவு, வேகமாகப் போனாலும் சாவு. நடுவில் ஒரு வேகம் இருக்கிறது, அதற்கும் துணைக்கு ஒரு பொருள் வேண்டும். அந்தப் பொருள் கிளிசரால். இருமல் மருந்திலும் சோப்பிலும் இருக்கும் அதே கிளிசரின்தான்.

அது கிடைத்த கதை எனக்கு மிகவும் பிடித்த கதை. லண்டன் மில் ஹில்லில் இருந்த தேசிய மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் கிறிஸ்டஃபர் போல்ஜ், ஆட்ரி ஸ்மித், ஆலன் பார்க்ஸ் மூவரும் சேவல் விந்தை உறைய வைக்க முயன்றுகொண்டிருந்தார்கள். பழச்சர்க்கரைக் கரைசல் சேர்த்துப் பார்த்ததில் பலன் இல்லை, வேலையைக் கிடப்பில் போட்டார்கள். பிறகு ஒருநாள் குளிர்பெட்டியில் இருந்த பழைய பாட்டில்களை எடுத்து மறுபடி முயன்றபோது சேவல் விந்தணு உறைந்து உருகி நீந்தத் தொடங்கிவிட்டது! சந்தோஷமாகப் புதிதாகச் சர்க்கரைக் கரைசல் செய்தார்கள், பலன் இல்லை. பழைய பாட்டிலின் அடியில் மிஞ்சியிருந்ததைச் சோதித்துப் பார்த்தால் அதில் சர்க்கரையே இல்லை. கண்ணாடித் தகட்டில் திசுவை ஒட்டப் பயன்படுத்தும் கிளிசராலும் முட்டை வெள்ளைக்கருவும் கலந்த பசை அது. லேபிள் மாறிப்போயிருந்தது. 1949-ல் அதை வெளியிட்டார்கள். 1951-ல் பிரிட்டனில் உறைவிந்தில் முதல் கன்று பிறந்தது. 1953-ல் விஸ்கான்சினில் பிறந்த கன்றுக்கு ஃப்ராஸ்டி என்றே பெயர் வைத்தார்கள். அப்போதெல்லாம் நைட்ரஜன் கிடையாது, உலர்பனியும் ஆல்கஹாலும் கலந்து மைனஸ் 79 டிகிரியில் வைத்தார்கள். அந்தக் குளிர் போதாது, நாள்பட நாள்பட விந்தின் சக்தி குறைந்துகொண்டே வந்தது. திரவ நைட்ரஜன் வந்த பிறகுதான் காலக் கணக்கே மாறியது.

நம் நாட்டில் செயற்கை முறை கருவூட்டல் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1939-ல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத்குமாரன் என்பவர் செய்ததை முதல் என்று சொல்வார்கள். அது உறையாத விந்து. பிறகு வெகுகாலம் குளிரூட்டிய விந்தை ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் பஸ்ஸில் அனுப்பினார்கள், இரண்டு மூன்று நாளைக்குள் போட்டாக வேண்டும். எனக்கு மூத்த ஆய்வாளர்கள் பஸ் ஸ்டாண்டில் ஃபிளாஸ்குக்காகக் காத்திருந்த கதையைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சரி, இன்றைக்கு ஒரு குச்சி எப்படி உருவாகிறது? தமிழ்நாட்டில் ஊட்டி, தஞ்சாவூர் மாவட்டத்து ஈச்சங்கோட்டை, சென்னைக்குப் பக்கத்தில் அலமாதி போன்ற இடங்களில் பொலிகாளைப் பண்ணைகள் இருக்கின்றன. காலை வெயில் ஏறுவதற்கு முன்பே காளையைக் குளிப்பாட்டி, முன்னால் இன்னொரு காளையை நிறுத்தி அதன் மேல் ஏறவிடுவார்கள். முதல் ஒன்றிரண்டு தடவை ஏறவிட்டு இறக்கிவிடுவார்கள், அப்போதுதான் விந்து செறிவாக வரும். செயற்கை யோனி என்பது வெந்நீர் நிரப்பிய ரப்பர் குழாய். தண்ணீரின் சூடு 42 முதல் 45 டிகிரிக்குள் இருக்க வேண்டும், கொஞ்சம் குறைந்தாலும் காளை ஏமாறாது. ஒரு தடவைக்கு 5 மில்லி வந்தது, மில்லிக்கு 120 கோடி அணு இருந்தது என்று வையுங்கள். மொத்தம் 600 கோடி. ஒரு குச்சிக்கு 2 கோடி கணக்கில் 300 குச்சி. இயற்கையாக விட்டிருந்தால் ஒரே மாடு.

எடுத்தவுடன் நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நூற்றுக்கு எழுபதாவது முன்னோக்கி நீந்தினால்தான் எடுத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் கழிவுக்குழிதான். அப்புறம் அதே சூட்டில் வைத்திருக்கும் டைலூட்டர் என்ற காப்புக் கலவையில் கலப்பார்கள். முட்டை மஞ்சள் கரு, புளிப்பு ஏறி இறங்காமல் பார்த்துக்கொள்ளும் டிரிஸ் என்ற பொருள், சிட்ரிக் அமிலம், அணுவுக்குத் தீனியாகப் பழச்சர்க்கரை, நூற்றுக்கு ஆறேழு பங்கு கிளிசரால், கிருமி வளராமல் இருக்க ஆன்டிபயாடிக். கிளிசரால் இதற்கு மேல் போனால் அதுவே விஷம். கலந்ததைக் குச்சியில் நிரப்பி மெதுவாக 4 டிகிரிக்கு இறக்கி நான்கு மணி நேரம் போல அப்படியே விடுவார்கள். கிளிசரால் உள்ளே நுழைய சில நிமிஷம் போதும். மிச்ச நேரம் சவ்வு அந்தக் குளிருக்குப் பழகுவதற்கு. புதிதாக வேலைக்கு வந்தவர்கள் இந்த நான்கு மணி நேரத்தைத்தான் குறைக்கப் பார்ப்பார்கள், மறுநாள் நுண்ணோக்கி காட்டிக்கொடுத்துவிடும்.

குச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் ஸோரன்சன் என்பவர் தன் மகளின் பிறந்தநாள் விருந்தில் குழந்தைகள் ஜூஸ் உறிஞ்சிய குழாயைப் பார்த்து விந்தை இதில் அடைக்கலாமே என்று நினைத்ததாகச் சொல்வார்கள். பிறகு பிரான்சில் கசு என்பவர் அதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். நாம் பயன்படுத்துவது கால் மில்லி பிடிக்கும் மெல்லிய குச்சி, ஏறத்தாழ 13 சென்டிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். இவ்வளவு மெல்லியதாக இருப்பதால் குளிர் நடுவரைக்கும் ஒரே வேகத்தில் போய்ச் சேர்கிறது. இதே மெலிவுதான் பின்னால் வினையும் ஆகிறது, அதற்கு வருகிறேன். ஒவ்வொரு குச்சியின் மேலும் காளையின் எண், இனம், நிலையத்தின் குறியீடு, தேதி எல்லாம் அச்சாகியிருக்கும். ஊசி போடுபவரிடம் காலிக் குச்சியைக் கேட்டு வாங்கி நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். கன்று வளர்ந்த பிறகு அதன் அப்பனுக்கே அதைச் சினைக்குப் போடாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

உறைய வைப்பது பத்து நிமிஷ வேலை. நைட்ரஜன் திரவத்துக்குள் நேராகப் போடுவதில்லை. அதற்கு மேலே எழும் ஆவியில், மைனஸ் 120, 140 டிகிரியில் குச்சிகளைப் பரப்பிவைத்து, அந்த நடு வேகத்தைப் பிடித்த பிறகுதான் திரவத்தில் அமிழ்த்துவார்கள். இப்போது கணினி வைத்த உறைபெட்டிகள் இதைச் செய்கின்றன. அப்புறம் அந்தத் தொகுதியில் ஒன்றிரண்டு குச்சியை உருக்கிப் பார்ப்பார்கள். பாதியாவது நீந்த வேண்டும், இல்லையென்றால் மொத்தத் தொகுதியும் போய்விடும். ஆமாம், பாதிதான். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் கிட்டத்தட்ட பாதி அணு செத்துத்தான் போகிறது. அது தெரிந்துதான் ஒரு குச்சியில் 2 கோடி வைக்கிறோம். தேறிய குச்சிகளும் உடனே வெளியே போகாது, ஒரு மாதம் தனியாக வைத்திருப்பார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் காளைக்குக் கோமாரி மாதிரி ஏதாவது வந்தால் குச்சியை அழித்துவிடலாம் அல்லவா.

எத்தனை வருஷம் தாங்கும்? மைனஸ் 130 டிகிரிக்குக் கீழே தண்ணீரின் அசைவே நின்றுவிடுகிறது, எந்த வேதிவினையும் நடக்காது. அணுவுக்கு வயதே ஏறாது. ஆஸ்திரேலியாவில் 1968-ல் உறைய வைத்த செம்மறிக்கிடா விந்தை சிட்னி பல்கலைக்கழகத்தார் ஐம்பது வருஷம் கழித்து 56 ஆடுகளுக்குப் போட்டார்கள், 34 சினைப்பட்டன. புதிதாக உறைய வைத்த விந்தும் கிட்டத்தட்ட அதே விகிதம்தான் கொடுத்தது. ஆகவே பழைய தேதி போட்ட குச்சி என்று பயப்பட வேண்டாம். தேதி கெடுக்காது, நைட்ரஜன் வற்றினால் கெடும்.

இப்போது திரும்பும் வழிக்கு வருவோம். கன்டெய்னர் என்பது பெரிய ஃபிளாஸ்க். இரட்டைச் சுவர், நடுவில் வெற்றிடம். உள்பாத்திரம் கழுத்தில் மட்டும்தான் வெளியோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அடியில் மைனஸ் 196, கழுத்தின் விளிம்பில் கிட்டத்தட்ட நம் அறையின் சூடு. குச்சிகள் இருக்கும் குவளையைத் தூக்கும்போது அந்தக் கழுத்து வழியாகத்தான் வருகிறது. வேண்டிய காளை எண்ணைத் தேடுகிறேன் என்று குவளையை விளிம்புவரை தூக்கி வெளிச்சத்தில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். மெல்லிய குச்சி, சில நொடியிலேயே சூடேறிவிடும். மைனஸ் 130-ஐத் தாண்டி மேலே வந்தால் உள்ளே இருக்கும் குட்டிக் குட்டிப் பனித்துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகத் தொடங்கும். ஃப்ரீசரில் வைத்த குல்ஃபி உருகி மறுபடி உறைந்தால் மணல்போல நறநறக்குமே, அதேதான். அணுவைக் கிழிப்பது அந்தப் பெரிய துகள்கள். நைட்ரஜனுக்குள் திரும்பப் போட்டால் பெருகிய துகள் சிறுகாது. எடுத்த ஒரு குச்சிக்கு ஒன்றும் ஆகியிருக்காது, அது உடனே உருக்கப்படுகிறது. அதோடு மேலே வந்துவிட்டுக் கீழே போன மற்ற இருபது முப்பது குச்சிகளுக்குத்தான் அடி. ஒவ்வொரு நாளும் நாலைந்து தடவை இப்படி நடந்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். குவளை கழுத்தின் விளிம்புக்கு நாலு விரற்கடை கீழேயே நிற்க வேண்டும், எட்டுப் பத்து நொடிக்குள் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். கிடைக்காவிட்டால் குவளையை அடிவரை இறக்கி, கொஞ்சம் பொறுத்து மறுபடி தூக்க வேண்டும். இதுதான் விதி.

இதில் மிகப் பெரிய தொல்லை, கெட்ட குச்சி கெட்டதாகத் தெரியாது. பால் திரிந்தால் தெரியும், குச்சி அதே நிறத்தில் அதே எழுத்தோடு இருக்கும். நான் இளைஞனாக இருந்தபோது ஒரு மருந்தகத்தில் திங்கட்கிழமை காலை உதவியாளர் வந்து "சார், கேன் வேர்த்திருக்கு" என்றார். கன்டெய்னரின் கழுத்தைச் சுற்றி வெண்பனி படிந்திருந்தது. வெற்றிடம் போய்விட்டது என்பதற்கு அதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை. உள்ளே நைட்ரஜன் அடிமட்டத்தில் ஒரு விரல் அளவுகூட இல்லை. இருநூறு சொச்சம் குச்சி. தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. வேறு கன்டெய்னருக்கு மாற்றி நைட்ரஜன் ஊற்றச் சொன்னேன், குச்சிகள் பார்க்க நன்றாகத்தானே இருக்கின்றன என்று. அடுத்த ஒரு மாதம் போட்ட மாடுகள் இருபத்தோரு நாளில் வரிசையாகத் திரும்பப் பருவத்துக்கு வந்தன. இருநூறு குச்சியைக் காப்பாற்றப் போய் அத்தனை வீட்டிலும் ஒரு மாதத்துப் பாலைக் கெடுத்தேன்.

சட்டைப் பை விஷயம். உருக்குவதும் வேகமாக நடக்க வேண்டும், அந்தப் பனி பெருக்கும் பகுதியைச் சட்டென்று தாண்ட வேண்டும் என்பதற்காக. 37 டிகிரி தண்ணீரில் 30 நொடி. நம் ஆய்வகங்கள் குச்சியைச் சோதித்துத் தேர்ச்சி கொடுப்பது இந்தக் கணக்கில்தான். அமெரிக்காவில் பையில் வைத்து உருக்கத் தோதாகவே தயாரித்த விந்தும் விற்றதுண்டு, அதை யாரோ சொல்லக் கேட்டு இங்கே பழக்கமாக்கிவிட்டார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம். நம் குச்சிக்கு அது பொருந்தாது. பையில் வைத்தால் நிதானமாக உருகும், அணுக்களில் கூடுதலாகக் கொஞ்சம் சாகும். அதைவிட மோசம், உருகிய பிறகும் பேசிக்கொண்டு நிற்பது. உருக்கிய பத்துப் பதினைந்து நிமிஷத்துக்குள் விந்து மாட்டுக்குள் இருக்க வேண்டும்.

ஊசி போடுபவர் வரும்போது நீங்களே ஒரு சொம்பில் தண்ணீரும் ஒரு சாதாரணத் தெர்மாமீட்டரும் எடுத்து வைத்துவிடுங்கள், சண்டை போடாமல் காரியம் நடக்கும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் தண்ணீரில் கை விட்டால் சூடும் தெரியக் கூடாது, குளிரும் தெரியக் கூடாது. பிறந்த குழந்தைக்கு நம் பாட்டிமார் ஊற்றும் வெந்நீர் கணக்கு இங்கே வேண்டாம், அந்தச் சூட்டில் அத்தனையும் வெந்துவிடும். குச்சியை எடுத்ததும் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும், வெறும் தண்ணீர் பட்டாலே விந்தணு செத்துவிடும். வெயில் படவும் கூடாது. பனிக்காலக் காலையில் இரும்புக் கருவி சில்லென்று இருந்தால் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கிவிட்டுக் குச்சியைப் போட வேண்டும். இல்லாவிட்டால் நான் முதலில் சொன்ன தேங்காய் எண்ணெய்க் கதை மறுபடி நடக்கும்.

இவ்வளவு சொன்னாலும் உங்கள் மாடு மூன்று தடவை நிற்காததற்கு அவர்தான் காரணம் என்று சொல்லிவிட மாட்டேன். நம் பக்கத்தில் நூறு ஊசிக்கு நாற்பது நின்றால் அது நல்ல கணக்கு. அப்படியென்றால் ஒரு தடவை நிற்காமல் போக அறுபது வாய்ப்பு. மூன்று தடவையும் தொடர்ந்து நிற்காமல் போவது நூற்றுக்கு இருபத்தொன்று, இருபத்திரண்டு. அதாவது மாட்டிலும் குறையில்லாமல், விந்திலும் குறையில்லாமல், ஐந்தில் ஒரு மாடு வெறும் அதிர்ஷ்டக் கணக்கிலேயே மூன்று தடவை திரும்பும். உங்கள் மற்ற ஐந்து மாடுகளுக்கும் இதே ஆள் போட்டுத்தானே சினை நின்றது? அப்படியானால் கண்ணை மாட்டின் பக்கம் திருப்புங்கள். பருவத்தில் விழும் வழும்பு கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறதா, வெள்ளைத் திட்டு, கலங்கல் இருக்கிறதா? கலங்கலாக இருந்தால் கருப்பையில் கிருமி, அதற்கு வைத்தியம் பார்க்காமல் குச்சிக்கு மேல் குச்சி போட்டுப் பயனில்லை. நேரம் சரியா? காலையில் கத்தினால் அன்று மாலை, மாலையில் கத்தினால் மறுநாள் காலை என்பது 1940-களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ட்ரிம்பெர்கர் என்பவர் கண்டு சொன்னது, இன்றும் அதுதான் கைகொடுக்கிறது. நீங்கள் காலையில் பார்த்து, அவர் வேறு வேலையில் இருந்து மறுநாள் மதியம் வந்தால் நேரம் போய்விடும். நான்காவது ஊசிக்கு முன்னால் ஒரு தடவை மருத்துவரை வைத்துக் கருப்பையைச் சோதித்துவிடுங்கள்.

கன்டெய்னர் வாங்கும் யோசனைக்கு என் பதில் வேண்டாம் என்பது. கன்டெய்னரை ஒரு தடவை வாங்கிவிடலாம், நைட்ரஜனை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 3 லிட்டர் கன்டெய்னர் திறக்காமல் வைத்தாலே மூன்று வாரம் தாங்குவது கஷ்டம், நம் வெயிலில் திறந்து மூடினால் இன்னும் சீக்கிரம் வற்றும். ஆறு மாட்டுக்கு வருஷத்துக்குப் பத்துப் பதினைந்து குச்சி செலவாகும். அதற்காக வருஷம் முழுவதும் பதினைந்து நாளைக்கு ஒருதடவை நைட்ரஜனுக்கு அலைய வேண்டும், கல்யாணம் காட்சி என்று ஒரு தடவை மறந்தால் எல்லாம் போச்சு. இருபது முப்பது பேர் சேர்ந்த பால் சங்கமென்றால் பெரிய கன்டெய்னர் வைப்பதில் அர்த்தம் உண்டு. அப்படி வைத்தால் மூடியை இறுக்கி அடைக்காதீர்கள், ஆவி போக வழியில்லாவிட்டால் வெடிக்கும். காற்றோட்டம் இல்லாத அறையில் வைக்காதீர்கள். ஒரு லிட்டர் திரவம் எழுநூறு லிட்டர் அளவுக்கு ஆவியாக விரியும், வாசனையும் தெரியாது, மூச்சுவிடக் காற்று இல்லாமல் ஆள் விழுந்துவிடுவான். மட்டம் பார்க்க மரக்குச்சியை விட்டெடுத்து, வெண்பனி படிந்த உயரத்தைப் பாருங்கள். குழாய் மாதிரி எதையும் விட வேண்டாம், திரவம் உள்ளே ஏறி முகத்தில் பீய்ச்சும். தவிர தமிழ்நாட்டில் 2019-ல் கொண்டுவந்த மாட்டின இனப்பெருக்கச் சட்டம் இருக்கிறது. விந்து வைப்பதும் விற்பதும் பதிவுக்குள் வருவதால் மாவட்ட கால்நடைத்துறை அலுவலகத்தில் கேட்காமல் இறங்காதீர்கள்.

காங்கேயம் காளை விஷயத்தில் ஆசை புரிகிறது. ஆனால் நைட்ரஜன் விந்தணுவை மட்டும் காப்பாற்றுவதில்லை, அதோடு வரும் கிருமியையும் அதே அக்கறையோடு ஐம்பது வருஷம் காப்பாற்றும். ஊர் மாடுகளுக்கெல்லாம் விட்ட காளையில் புருசெல்லா, ட்ரைகோமோனஸ், கேம்பைலோபேக்டர் என்ற கருவைக் கலைக்கும் கிருமிகளெல்லாம் வெளியே தெரியாமல் இருக்கலாம். இயற்கையாக விட்டால் அது பத்து மாட்டோடு நிற்கும், குச்சியில் அடைத்தால் ஆயிரம் தொழுவத்துக்குப் போகும். அதனால்தான் பண்ணைகள் ஒரு காளையைச் சேர்ப்பதற்கு முன் இரண்டு மாதம் தனியே கட்டிவைத்து, காசநோய், புருசெல்லா, ஜோன்ஸ் என்ற குடல் நோய் என்று சோதனைமேல் சோதனை செய்கிறார்கள். அதில் தேறினாலும் இன்னொரு தடை உண்டு. பார்க்கக் கம்பீரமாக, ஊரில் இருபது கன்றுக்கு அப்பனாக இருக்கும் காளையின் விந்து உறைந்து உருகியதும் சுத்தமாக அசையாமல் கிடக்கும். சில காளைகளின் விந்து உறைவதற்கு ஒத்துவராது, ஏன் என்பதற்கு ஒற்றைக் காரணம் கிடையாது. இன்னொன்று, ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 61 நாள் ஆகிறது. சித்திரை வெயிலில் காளை வாடினால் ஆனி, ஆடியில் எடுக்கும் விந்தில்தான் அது தெரியும். காய்ச்சல் வந்தாலும் இதே கணக்குதான்.

உங்கள் காளை ஜாதிமாடு, நல்ல தாய் வழி என்று நம்பிக்கை இருந்தால் விந்து எடுப்பதைப் பற்றி யோசிக்கும் முன் மருத்துவரை வைத்து இந்தக் கிருமிகளுக்கான சோதனைகளைச் செய்துவிடுங்கள், இப்போதைக்கு ஊர் மாடுகளுக்கு விடுவதையும் நிறுத்தி வையுங்கள். சோதனை சுத்தமாக வந்தால் அந்தக் காகிதத்தோடு மாவட்ட அலுவலகம் வழியாக அரசுப் பண்ணையை அணுகலாம். அதற்குள் காங்கேயம் குச்சி வேண்டுமானால் உங்கள் மருந்தகத்தில் கேட்டுப் பாருங்கள். ஆனால் அதை அந்த ஜெர்சி மாட்டுக்குப் போடாதீர்கள், பிறக்கும் கிடேரிக்குப் பால் குறைந்துவிடும்.